அரைச் சாண் உயரத்துக் கார்

எங்கள் வேலாங்காட்டுப்புதூரில் ஒருவன் பெரிய மனுஷன் ஆவதற்கு மாடி வீடு வேண்டியதில்லை, தென்னந்தோப்பு வேண்டியதில்லை, வாசலுக்கு நேராக ரோட்டில் சொந்தமாக ஒரு வேகத்தடை இருந்தால் போதும். அதற்கு யாரிடமும் மனுப் போட வேண்டியதும் இல்லை, தார் போட வருகிற ஆட்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, மிச்சத் தாரை நம் வாசலில் கொட்டச் சொல்லி, சூடு ஆறுவதற்குள் மண்வெட்டியால் அணைத்து மேடு கட்டிவிட்டால், மறுநாளிலிருந்து ஊர் அவனை வாங்க போங்க என்று பேசும். இந்தக் கணக்கில் எங்கள் ஊரிலேயே பெரிய மனுஷன் நாச்சிமுத்து மாமா. அவர் வாசலில் இருக்கும் வேகத்தடை சினை எருமை படுத்திருப்பது மாதிரி இருக்கும். அதில் ஏறி இறங்கும்போது பஸ்ஸின் கடைசி சீட்டில் இருப்பவர்கள் கூரையில் தலையை இடித்துக்கொண்டு, அதைப் போட்டவனின் ஏழு தலைமுறையையும் வாழ்த்துவார்கள். மாமா வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து அந்த வாழ்த்தையெல்லாம் காது குளிரக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, இந்த மேடுகளின் மேலேயே நடை பழகி, அந்த நாச்சிமுத்து மாமாவுக்கே அக்கா மகனாகவும் இருந்துகொண்டு, ஜில்லாவிலேயே தாழ்வான காரை ஓட்ட ஆசைப்படுகிறவனை என்னவென்று சொல்வது? திருமூர்த்தி என்று சொல்வோம், அவன் பேர் அதுதான். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவன். தொழிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் மாவு நன்றாகப் பொங்கும். பொங்கி மேலே எழும்புகிற பொருளோடேயே மாரடித்துச் சலித்துப்போனானோ என்னவோ, கீழே இறங்குகிற பொருள் மேல் அவனுக்கு அப்படியொரு மோகம் வந்துவிட்டது. பழைய கார் ஒன்றை வாங்கி, மயில் கழுத்து நிறம் அடித்து, வெல்டிங் கடையில் கொடுத்து நாலு ஸ்பிரிங்கிலும் இரண்டு வளையத்தை வெட்டி எறிந்தான். கார் இறங்கியது உண்மைதான், ஆனால் சின்னக் கல் ஏறினாலும் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. அந்தக் காரில்தான் அவனும் அவன் அம்மா தெய்வாத்தாளும் பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போனார்கள், அந்த அம்மாள் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

பெண் பேர் கோகிலவாணி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துவிட்டு, தனியாகப் பேச விட்டவுடன் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏனுங்க, அது காருங்களா, இல்ல காரோட நெழலுங்களா?"

திருமூர்த்தி அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான். தனியாகப் பேச விட்டது என்று பேர்தான். கதவு திறந்திருந்தது, வாசற்படியில் நாலு சித்திகள் காய் நறுக்கினார்கள், கட்டிலுக்கு அடியில் மூன்று குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தன. கோகிலவாணி கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பாத்தீங்களா, இதுதானுங்க எங்கூடு. பொறந்ததுல இருந்து நான் தனியா இருந்ததே இல்லீங்க. எனக்கு நகை நட்டெல்லாம் ஒண்ணும் எச்சா வேண்டாம். கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல இருந்து உங்கூட்டுக்கு அந்தக் கார்ல நீங்களும் நானும் மட்டும் போகோணும். வேற ஒரு சுண்டெலிகூட உள்ள இருக்கப்படாது. முடியுமுங்களா?"

"முடியுமுங்க" என்றான் திருமூர்த்தி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணமக்கள் காரில் தாய்மாமன், மணத்தோழி, குத்துவிளக்கு, சீர்த்தட்டு, வாந்தி எடுக்கிற குழந்தை என்று எட்டுப் பேருக்குக் குறையாமல் ஏறுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாக்குக் கொடுத்தான். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், வழக்கமும் அறியாது போலிருக்கிறது.

பொண்டாட்டி ஆகப்போகிறவளைத் துள்ளுகிற காரில் உட்கார வைக்கக்கூடாது என்று, மறுநாளே கோயமுத்தூருக்கு ரெஜினா அக்கா கடைக்குப் போனான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தவிர வேறெதுவும் விற்காத கடை அது. ரெஜினா அக்கா எடுத்தவுடனே சாமானை எடுத்துக் காட்டுகிற ஆள் இல்லை. காரின் ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து அமுக்கி, சட்டென்று விட்டு, அது எப்படி எழும்புகிறது என்று பார்ப்பாள், அப்புறம் ஓட்டி வந்தவனைத் திட்டுவாள், அதற்கப்புறம்தான் வியாபாரம்.

"ஸ்பிரிங்க வெட்டுன மகராசன் யாரு தம்பி? கால் நீளமா இருக்குதுன்னு முட்டியோட வெட்டிப் போடுவாங்களா? குட்டையா வேணும்னா குட்டையாவே சுத்துன ஸ்பிரிங்கு இருக்குது. சரி, கார்ல யார் யார் உக்காருவாங்க?"

"ரெண்டே பேருங்கக்கா. நானும் கட்டிக்கப்போற பொண்ணும்."

"சொந்தக்காரங்க?"

"ஏத்த மாட்டனுங்க."

"அநாதையா நீ?"

"ஐயோ, இல்லீங்க. பெரிய சனமுங்க எங்களுது."

"அப்பப் பொய் சொல்ற" என்றாள் ரெஜினா அக்கா. இருந்தாலும் கேட்பவன் கேட்பதைத்தானே கொடுக்க முடியும்? மூன்று விதமான ஸ்பிரிங்கைத் தரையில் நிறுத்தினாள். ஒன்று குட்டையாகவும் கெட்டியாகவும் இருந்தது, ஐந்து பேர் ஏறினாலும் அசையாது, ஆனால் வெறும் காரில் போனால் முதுகெலும்பை எண்ணிக் கையில் கொடுத்துவிடும். ஒன்று நடுத்தரம். ஒன்று குட்டையாகவும் மெத்தென்றும் இருந்தது, இரண்டு பேருக்குத் தொட்டில் மாதிரி ஆடும், மூன்றாவது ஆள் ஏறினால் அமுங்கிவிடும். திருமூர்த்தி யோசிக்கவே இல்லை, தொட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டான். ஷாக்கிலும் அடக்கமான கறுப்பு இருக்க, தலையில் திருகு வைத்த நீல நிறத்தைத்தான் தொட்டான், மயில் கழுத்துக்கு அதுதான் எடுப்பாம்.

"ஸ்பிரிங்கு தூக்கற சாதி, ஷாக்கு அடக்கற சாதி" என்றாள் ரெஜினா அக்கா. "இந்த நீலம் முரடு. திருகை இறுக்கி வச்சயின்னா, கீழ எறங்குனதை லேசுல மேல விடாது. தளர்த்தியே ஓட்டு. கார் தரைக்கு அரைச் சாண் ஒசரத்துல நிக்கும். மேடு வந்தா நேரா ஏத்தாத, கோணலாச் சாய்ச்சு ஒவ்வொரு சக்கரமா ஏத்து."

அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். ஊர் திரும்பியதும் கார் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக நிற்கட்டுமே என்று நாலு திருகையும் கடைசிவரை இறுக்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை அண்ணமார் கோயிலில் காருக்குப் பூஜை. டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டயர் போய்ச் சேர்வதற்கு முன்பே காரின் முன்தகடு பழத்தை நசுக்கிவிட்டது, பூசாரி அதையே நல்ல சகுனம் என்று சொல்லித் தட்டை நீட்டினார். அப்போதுதான் நாச்சிமுத்து மாமா வந்தார். மாமா ஒரு காலத்தில் எங்கள் வட்டாரத்துக்கே வள்ளி கும்மி சொல்லிக் கொடுத்தவர், அவர் காலால் ஒரு தட்டுத் தட்டினால் பக்கத்துத் தறிக்குடோனில் நூல் அறும் என்று சொல்வார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இடது முட்டியில் வலி வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்த வலி எழுந்திருக்கவே இல்லை, ஆட்டம் நின்றது, உடம்பு பெருத்தது, இரண்டு ஆள் கனம் சேர்ந்து ஒரு கைத்தடியின் மேல் நடந்துகொண்டிருந்தது.

"தாய்மாமன் உக்காராத காரு என்ன காரு, மாப்ள? கதவைத் தொற."

சொந்தபந்தம், ஒறம்பரையை வேண்டாம் என்று சொல்லக்கூடிய வாயை எங்கள் ஊரில் யாருக்கும் வைத்துப் படைக்கவில்லை. கல்யாணத்தன்றுதானே இரண்டு பேர், இன்றைக்கு உட்கார்ந்தால் என்ன என்று திருமூர்த்தி கதவைத் திறந்தான். மாமா உள்ளே போனார், கார் முனகிக்கொண்டே இறங்கியது, ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினார்கள், மாமா இறங்கினார். மாமா இறங்கினாரே தவிர அவருடைய கனம் இறங்கவில்லை. கார் அமுங்கினது அமுங்கினபடியே நின்றது. மாமாவோ கைத்தடியைக் காரிலேயே மறந்துவிட்டு, கோயில் படிகளைப் பட்டம் ஏறுகிற மாதிரி ஏறி மேலே போய், அங்கிருந்து திரும்பி, "அக்கா, முட்டி வலிக்கலை" என்றார்.

"காலைல சாப்புட்டயாடா நீயி?" என்றாள் தெய்வாத்தாள்.

"ஷாக் கொஞ்சம் இறுக்கமுங்க மாமா" என்றான் திருமூர்த்தி.

அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, வரிசையில் நிற்க வேண்டியதுதான். அன்றைக்குச் சாயந்திரத்திலிருந்து, மூட்டுவலிக்காரர்கள், குதிகால் வலிக்காரர்கள், பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு இறங்காதவர்கள், தறி ஓட்டி நின்று நின்று கால் வீங்கினவர்கள், ஒரு வலியும் இல்லாமல் சும்மா பார்க்க வந்தவர்கள் என்று ஊரே அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து எழுந்தது. உட்கார்ந்தவர்கள் பாதிக்குமேல் கனத்தை அங்கேயே விட்டுவிட்டு, கம்பளி கழற்றின ஆடு மாதிரிச் சிலுப்பிக்கொண்டு இறங்கினார்கள். நாங்களும் உட்கார்ந்தோம், ஏன் மறைக்க வேண்டும். ஓட்டுகிறவன் மேல் மட்டும் அந்தக் கார் கை வைக்கவில்லை. பழக்கின மாடு பால்காரனை முட்டாது என்கிற மாதிரி, திருமூர்த்தி போன கனத்தோடேயே திரும்பி வந்தான்.

அவன் காரைப் பூட்டிப் பார்த்தான், காப்பி குடித்துக்கொண்டே காத்திருந்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தான், பாய்க்கு அடியில் நுழைந்து உட்கார்ந்தார்கள். "ஒரே ஒரு நிமிசந்தான் சாமி, சும்மா உக்காந்துட்டு எந்திரிச்சுக்கறேன்" என்று பெரியத்தையே வந்து கேட்கும்போது ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? கார் தினமும் ஒரு நூலாக, ஒரு நெல்லாக, ஒரு விரலாக இறங்கிக்கொண்டே போனது.

ஆடி மாசம் பிறந்தது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். நாங்கள் அம்மி இல்லை, அதனால் எங்கள் பாடு இன்னும் மோசம். ரோட்டில் நடந்தவர்கள் மின்கம்பத்துக்கு மின்கம்பம் பிடித்துப் பிடித்து நடந்தார்கள். பெண்கள் இடுப்பில் குழவிக்கல்லை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள், ஆண்கள் தறியில் தொங்கவிடும் இரும்புக் கல்லை அண்டர்வேர் பையில் போட்டுக்கொண்டார்கள். ஆடிப் பதினெட்டில் மரத்தில் ஊஞ்சல் கட்டித் தூரி ஆடினவர்கள் மேலே போனார்கள், வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் மேலேயே இருந்தார்கள், அப்புறம் அவர்கள் இஷ்டத்துக்கு இறங்கி வந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் எடை மெஷின் கெட்டுவிட்டது என்று புது மெஷின் வாங்கினார், அதுவும் அதையே சொன்னது, மெஷினை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பஸ்ஸில் எங்களுக்கெல்லாம் அரை டிக்கெட் போடச் சொல்லிக் கண்டக்டரிடம் கேட்டோம். அவர் போடவில்லை, அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் உண்டு.

எல்லாரிலும் அதிகச் சந்தோஷம் நாச்சிமுத்து மாமாவுக்குத்தான். கச்சையைக் கட்டிக்கொண்டு கும்மிக்குத் திரும்பிவிட்டார். ஒரு குதி குதித்தால் கூட்டத்தின் தலைக்குமேல் போய், ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவார். இளவட்டங்கள் வாயைப் பிளந்தார்கள்.

திருமூர்த்தி ஒருநாள் கோகிலவாணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப இப்ப கார்ல எத்தன பேரு இருக்கறாங்க?" என்றாள் அவள்.

"யாரும் இல்லீங்க. வெறுங்காருதான் நிக்குது."

"எங்க வேலைல ஒண்ணு சொல்லுவமுங்க. ஒரு ஒடம்புல இருந்து கொறஞ்சது எங்கியாவது போய்ச் சேந்துதான் இருக்கோணும். உங்க ஊரே அதுக்குள்ள உக்காந்திருக்குது. நான் கேட்டது ரெண்டு பேருங்க." அதட்டவில்லை, அழவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

காரை உருட்டிக்கொண்டு, அடித்தகடு ரோட்டில் உரசித் தீப்பொறி பறக்க, மறுபடி ரெஜினா அக்கா கடைக்குப் போனான். அவள் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். கார் அமுங்கவும் இல்லை, எழும்பவும் இல்லை.

"ரெண்டு பேருன்னு சொன்னியே தம்பி?"

"கெட்டி ஸ்பிரிங்காப் போட்டுத் தூக்கிக் குடுத்துருங்கக்கா. ஆவணி மொத முகூர்த்தத்துல கல்யாணமுங்க."

"போட்டுத் தாரேன். சாயந்தரத்துக்குள்ள அரைச் சாணுக்குத் தூக்கி நிறுத்திடுவேன். ஆனா அத்தன பேரையும் சேத்துத்தான் தூக்குவேன், தெரிஞ்சுக்க. ஒசரம் வரும், எடம் வராது. உனக்கு ஒசரம் வேணுமா, எடம் வேணுமா?"

வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் ஊரில் ஒரு ஈ காக்காவுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. திருமூர்த்தி அந்த ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தான்.

"எடந்தானுங்கக்கா."

"அப்ப ஏறுன ஆளுதான் வந்து எறக்கிக்கோணும். உக்காந்த எடத்துலயே மறுக்கா உக்காரட்டும், நான் திருகைத் தளர்த்தி மூலைய அமுக்கி விட்டா, அவங்கவங்களுது அவங்கவங்ககிட்ட வந்துரும். சம்மதிச்சு வரோணும், அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதான் லேசில் நடக்கிற காரியமா? கல்யாணப் பத்திரிகையையும் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டான். முன்னால் குழவிக்கல்லைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், கனத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றதும் அதன் மேல் பாசம் காட்டினார்கள். ஒருவர் தைப்பொங்கல் கழியட்டும் என்றார். ஒருத்தி மகளின் சீமந்தம் முடியட்டும் என்றாள். கடைசியில் எல்லாரும் பேசிவைத்த மாதிரி ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள்: மொதல்ல உங்க மாமன் வாங்கிக்கட்டும், அப்பறம் நாங்க.

மாமா சேரில் உட்கார்ந்திருந்தார். சேரின் கால்கள் தரையில் பட்டும் படாமலும் இருந்தன.

"மாப்ள, நீ காட்டைக் கேளு, எழுதித் தாரேன். இந்த முட்டிவலியோட பதினஞ்சு வருசம் இருந்தவன்டா நானு. கொல்லையில பொடக்காளிக்குப் போய்ட்டு வாரதுக்கு அழுதிருக்கறேன். மறுக்கா அதைத் தூக்கி என் மடியில வைக்கறயா?"

திருமூர்த்திக்கு அதற்குமேல் கேட்க மனசு வரவில்லை. பத்திரிகையை மட்டும் வைத்துவிட்டு வந்தான்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயந்திரம் மண்டபத்துக்கு முன்னால் கும்மி. மாமா ஆடினார், பறந்து பறந்து ஆடினார். அவருக்குப் பின்னால் ஆடினவர்களின் காலடியில் புழுதி எழுந்தது. அவர் காலடியில் ஒரு துளி எழவில்லை. பாட்டு ஒரு இடத்தில் நின்று, எல்லாரும் சேர்ந்து காலைத் தட்ட வேண்டிய கட்டம் வந்தது, தட்டினார்கள். உறுமிக்காரர் கட்டையை நிறுத்திவிட்டு, "அண்ணா, உங்க கால் சத்தம் கேக்கலீங்களே" என்றார். மாமா இன்னொருமுறை தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துபோய்த் தண்ணீர் குடித்தார், அப்புறம் ஆடவில்லை.

விடிந்து, தாலி கட்டி, பந்தி முடிந்து, மணமக்கள் புறப்படுகிற நேரம் வந்தது. எமகண்டத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டில் வலது காலை வைத்தாக வேண்டும். இரண்டு பேரும் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மணத்தோழி குத்துவிளக்கோடு வெளியே நின்றாள், வாந்தி எடுக்கிற குழந்தை கண்ணாடியைத் தட்டியது, "என்ன பழக்கமுங்க இது" என்று இரண்டு வீட்டுச் சனமும் முதல்முறையாக ஒற்றுமையாகப் பேசியது. திருமூர்த்தி வியர்த்து வழியக் காரை எடுத்தான். ரோட்டுக்கும் காருக்கும் நடுவில் ஒரு விரல்தான் இடைவெளி. சின்ன மனுஷர்களின் வேகத்தடைகளைக் கோணலாக ஏறி, உரசி, சமாளித்து, கடைசியில் நாச்சிமுத்து மாமாவின் வேகத்தடைக்கு வந்தான். முன்சக்கரம் ஏறியது, வயிறு தட்டியது, கார் எருமை முதுகில் பல்லி ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டது.

பின்னால் வேன்களில் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். நாற்பது பேர் தள்ளியும் கார் அசையவில்லை. கனமில்லாத கால் தரையைப் பிடிக்குமா, தள்ளத் தள்ள அவர்கள்தான் பின்னால் வழுக்கிக்கொண்டு போனார்கள். யாரோ கடப்பாரை எடுத்து வந்து தடையை உடைக்கலாம் என்றார்கள். "தொட்டீன்னா கை இருக்காது" என்றார் மாமா.

கோகிலவாணி கதவைத் திறந்து இறங்கினாள். வந்த தூரத்திலேயே கார் அவளிடமும் கொஞ்சம் வாங்கியிருந்தது; பட்டுப்புடவை காற்றில் உப்பியது, கழுத்தில் புதுத்தாலி மட்டும் கனத்தது. அவள் யாரையும் திட்டவில்லை. முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்த வேகத்தடையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரு போற காருன்னு சொன்னாங்க. உள்ள உக்காந்தா மூச்சு முட்டுதுங்க. எல்லாரும் எறங்குனதுக்கு அப்பறம் நான் ஏறிக்கறேன்."

"எமகண்டம் வருது கண்ணு" என்றாள் தெய்வாத்தாள்.

"வரட்டுமுங்கத்தை. அது எல்லாத்துக்குந்தான வருது."

கூட்டம் ஆளுக்காள் முகத்தைப் பார்த்தது. அதற்குள் ரெஜினா அக்கா, மொய் எழுத வந்தவள், பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, நாலு திருகையும் தளர்த்திவிட்டு நிமிர்ந்தாள். "யாரு மொதல்ல?" என்றாள். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து, தன் வேகத்தடையின் மேல் வலது காலால் ஒரு தட்டுத் தட்டினார். தட்டின சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

"நீங்கெல்லாம் வாங்கிக்குங்க. நான் கடைசியா வாங்கிக்கறேன். நாச்சிமுத்து வாக்குக் குடுத்தா மாறமாட்டான்."

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஒவ்வொருவராகப் பின்சீட்டில் உட்கார, ரெஜினா அக்கா மூலையில் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட, கார் ஒரு நெல் எழும்ப, உட்கார்ந்தவர் தொம்மென்று ரோட்டில் இறங்கினார். முண்டியடித்து வரிசை மாறி உட்கார்ந்ததில் சிலருக்கு அடுத்தவர் கனம் வந்துவிட்டது. தபால்காரருக்கு வந்தது அவர் சம்சாரத்தின் கனம். திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, பழகின கனந்தானே, நானே வச்சுக்கறேன் என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்க வாங்கி முடித்ததும் மாமா உள்ளே போனார். கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். மற்றவர்களைவிட நேரம் எடுத்தது, உள்ளே என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது பழைய மாமாவாக, இரண்டு ஆள் கனத்தோடு வந்தார். வந்ததும் ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள், பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாமாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்களுக்கும்தான். அப்புறம் அவருக்கு என்னவோ ஞாபகம் வந்த மாதிரி, முட்டியைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று நொண்டத் தொடங்கினார்.

கார் தரைக்கு அரைச் சாண் உயரத்தில் நின்றது. கோகிலவாணி ஏறி, ரெஜினா அக்கா ஒரு அமுக்கு அமுக்க, தன்னுடையதையும் வாங்கிக்கொண்டாள், திருமூர்த்தி கோணலாகச் சாய்த்து ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற, கார் ஒரு இடத்திலும் உரசாமல் எருமையைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கியது. ஊரே கைதட்டியது. ரோட்டில் ஆளில்லாத இடம் வந்ததும் அவள் சொன்னாள்.

"நேரா ஊட்டுக்கேதான் போகோணுமுங்களா?"

அவன் வாய்க்கால் ரோட்டுக்குத் திருப்பினான். ஆரத்தித் தட்டோடு வாசலில் பெண்கள் காத்திருக்கட்டும், கற்பூரம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கொளுத்திக்கொள்ளலாம். வாய்க்கால் மேட்டில் கார் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போனது. ஒரு சின்ன மேடு வந்தது. மூன்று சக்கரம் சத்தமில்லாமல் இறங்கியது, இடது பின்சக்கரம் மட்டும் "ஸ்ஸ்... அம்மாடி" என்றது.

கோகிலவாணி அந்தப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"உங்க மாமாவுக்கு எந்த முட்டிங்க வலி?"

"எடது முட்டிங்க."

"நான் கண்ணாடில பாத்துட்டே வந்தனுங்க. வலது காலைத்தான் நொண்டுனாரு."

திருமூர்த்தி காரை நிறுத்திவிட்டான். கொடுத்த வாக்கு கடைசி நேரத்தில் போய்விட்டதே என்று ரிவர்ஸ் கியரைத் தேடினான். "திரும்பிப் போலாமுங்க. மாமாவை எறக்கிக்கச் சொல்லலாமுங்க. ரெண்டே பேருன்னு நான்..."

கோகிலவாணி திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. இடது மூலை மட்டும் ஒரு விரல் தாழ்ந்திருந்தது.

"வெறும் வலிதானுங்களே" என்றாள். "அதுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. இருந்துட்டுப் போகுது, வுடுங்க. பெரியவரு ஆடட்டும்." சொல்லிவிட்டு, கியரில் இருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது எமகண்டமே முடிந்து போயிருந்தது.

புரட்டாசியில் இரண்டு பேரும் ரெஜினா அக்கா கடைக்குப் போனார்கள்.

"எடது பின்பக்கத்துக்கு மட்டும் ஒரு ஸ்பிரிங்கு வேணுமுங்கக்கா" என்றான் திருமூர்த்தி.

"அங்க யாரு உக்காருவாங்க?"

"மாமாவோட முட்டிவலிங்க."

"புது வலியா, பழைய வலியா?"

"பதினஞ்சு வருசத்து வலிங்க."

ரெஜினா அக்கா உள்ளே போய்க் கெட்டியான ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். இதைப் போட்டால் நிமிர்ந்து நிற்கும், சாய்வே தெரியாது என்றாள். கோகிலவாணி அதை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"இது வேண்டாமுங்கக்கா, முதுகை இடிக்கும். வயசான வலி. கொஞ்சம் மெத்துன்னே குடுங்க."

அதனால்தான் அந்தக் கார் இன்றைக்கும் இடதுபக்கம் ஒரு விரல் சாய்ந்தே போகிறது. மாமா நோம்பி, திருவிழா என்று வந்தால் விடாமல் கும்மி ஆடுகிறார், தறிக்குடோனில் நூல் அறுகிறது. ஆடி முடித்ததும், யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, வலது காலை நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். வலி வந்த கால் அது இல்லை என்று நாங்கள் யாரும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.